நடுக் கட்டத்துக் கார்டு

ஜனவரி 9

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, என் மூட்டு வலி மூவரும் சுகம். அங்கே நீயும் உன் அம்மாவும் எப்படி? என் தங்கச்சிக்கு இருமல் நின்றதா, இல்லை உன்னைத் திட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் இருமிக்கொண்டுதான் இருக்கிறாளா?

போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடுறேன் மாமா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார். அதனால் இனி எனக்குக் கடிதம்தான்.

உன் வேலை என்னவென்று நீ எழுதிய நாலு பக்கமும் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் நான் நின்ற அன்றைக்குப் பள்ளிக்கூடமே அழுதது, உன் அம்மாவைக் கேள். பெரிய கம்பெனியில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள். யார் எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்கிறார்கள். நீ போய், தினமும் காலையில் கால் மணி நேரம் அவர்களை நிற்க வைத்துப் பேச வைக்கிறாய். வேலையை இரண்டிரண்டு வாரத் துண்டாக வெட்டிக் கொடுக்கிறாய். சுவரில் போர்டு மாட்டி, மூன்று கட்டம் போட்டு, வேலைக்கு ஒரு கார்டு குத்தி, அது நகர்கிறதா என்று எல்லாரையும் பார்க்க வைக்கிறாய். இதற்குப் பேர் அஜைல். இவ்வளவுதானே?

மறுநாளே எங்கள் ஷெட்டில் ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் துண்டும் மலை மலையாக வெளுக்கிற ஆலை இது. அதில் ஒரு மிஷின் நின்றால் முதலில் என் பேரைத்தான் கத்துவார்கள். ரிப்பேர் ஆட்கள் ஏழு பேர், மேஸ்திரி நான், இருபத்தொன்பது வருஷம். பழைய அலமாரிக் கதவைக் கழற்றி வெள்ளை அடித்து மூன்று கட்டம் போட்டேன். செய்யணும், நடக்குது, முடிஞ்சுது. மேனேஜர் வந்து பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். மறக்காமல் பதில் போடு.

எட்டாம் வகுப்பு அஜைல்,
உன் மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது, திட்டு குறையவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் மதிய இடைவேளையில் இரண்டு தடவை படித்தேன். மேனேஜர் கண் கலங்கியதை மட்டும் பாதியாகக் கழித்துக்கொண்டேன். கோபிக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். போர்டு பொய் சொல்லக் கூடாது. அதற்கு ஒரே வழி, கார்டை அந்த வேலையைச் செய்கிறவர் மட்டுமே நகர்த்த வேண்டும். மேஸ்திரியும் நகர்த்தக் கூடாது, மேனேஜரும் நகர்த்தக் கூடாது. ஒரு கார்டு நடுக் கட்டத்தில் மூன்று வாரம் கிடந்தால் கிடக்கட்டும். அது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. "உனக்கு எது தடையா இருக்கு?" என்று கேட்க வேண்டிய விஷயம். இதைப் பெரிய எழுத்தில் போர்டு மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

நான் இப்போது போகிற இடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. அங்கே பெரியவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு போர்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கார்டும் முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஏப்ரலுக்குள் ஒரு குழுவாவது மாறியிருக்கிறது என்று காட்டாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்களாம். சில நாள் பஸ்ஸை விட்டு இறங்காமல் அப்படியே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது.

உங்கள் ஷெட்டில் நடப்பதை எழுதுங்கள். பாதி கழித்தாலும் எனக்கு நிறைய மிஞ்சும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 12

அன்பு மருமகளுக்கு,

சுகம், சுகம், சுகத்துக்கு மேல் சுகம். அத்தை உன் கடிதத்தைப் படித்துவிட்டு "பிள்ளை இளைச்சிருக்கும்" என்றாள். கடிதத்தில் எப்படித் தெரியும் என்றேன். எழுத்து இளைத்திருக்கிறதாம்.

நீ எதற்கு இறங்காமல் திரும்ப வேண்டும்? நெஞ்சை நிமிர்த்தி இறங்கு. உன் முறை இங்கே கொடிகட்டிப் பறக்கிறது. முன்பு வாரத்துக்கு ஒன்பது மிஷின் நிற்கும், இப்போது நிற்கவே பயப்படுகின்றன. நீ சொன்னதை எனாமல் பெயிண்டில் எழுதிவிட்டேன்: "அவரவர் கார்டை அவரவரே நகர்த்த வேண்டும்." அரை முழ எழுத்து. ரோட்டில் போகிறவன்கூடப் படிக்கலாம்.

ஒரே தொல்லை, ஆமை. எங்கள் ஃபிட்டருக்கு நான் வைத்த பேர். நாற்பத்திரண்டு வயசு. எந்த நட்டையும் மூன்று தடவை முடுக்குவான். முடுக்கிவிட்டு உற்றுப் பார்ப்பான். அவன் கார்டு மட்டும் எப்போதும் நடுக் கட்டத்தில், வெயிலுக்குப் படுத்த மாதிரிக் கிடக்கும். "என்னப்பா, கார்டுக்கு வேர் விட்டுருச்சா?" என்றால், "மிஷினுக்குக் கண் கிடையாது மேஸ்திரி" என்கிறான். அவனை மட்டும் வேகப்படுத்திவிட்டேன் என்றால் உன் கம்பெனி எனக்குச் சிலை வைக்கும்.

இப்போது நானே கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன், பக்கத்தில் நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள். எங்கள் ஷெட்டில் ஒரு பழைய வழக்கம். மிஷினில் கை வைக்கிறவன் அதன் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவனாக வந்து கொடுக்கிற வரைக்கும் யாரும் மிஷினை ஓட்ட முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலை முடிந்து அவன் கட்டையோடு டீ குடிக்கப் போய்விடுவான், இங்கே அரை மணி நேரம் மிஷின் சும்மா நிற்கும். அதனால் ஒவ்வொரு கார்டுக்குக் கீழேயும் ஓர் ஆணி அடித்தேன். கட்டை இனி பையில் இல்லை, கார்டோடு ஆணியில் தொங்கும். கார்டு மூன்றாம் கட்டத்துக்குப் போனால் கட்டையும் கூடப் போகும். எங்கள் எலக்ட்ரீஷியன், கரண்டு என்று கூப்பிடுவோம், மூன்றாம் கட்டத்தில் கட்டையைப் பார்த்தால் யாரையும் கேட்காமல் எடுத்துப் போய் மாட்டி மிஷினை ஓட்டிவிடுவான். எப்படி?

ஆமை ஒருத்தன்தான் முணுமுணுத்தான். ஒரு வாரம் கட்டையைத் தரவில்லை. "போர்டுக்கு மரியாதை குடுப்பா, என் மருமக கண்டுபிடிச்சது" என்றேன். கொடுத்துவிட்டான்.

கண்டுபிடிப்பாளன்,
உன் மாமா


மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவும் நலம். எழுத்து இளைத்ததற்குப் பேனாதான் காரணம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

போன வாரம் எங்கள் தலைவரும் காப்பீட்டுக் கம்பெனிப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் என்னிடம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. திடீரென்று உங்கள் ஷெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அலமாரிக் கதவு, அரை முழ எழுத்து, ஆணியில் தொங்குகிற பியூஸ் கட்டை. முதல் தடவையாக அந்த அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பாதி கழித்துத்தான் சொன்னேன் மாமா. கழித்து மிஞ்சியதே போதுமாக இருந்தது.

இப்போது அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆறு பேர், மார்ச் 27, வியாழக்கிழமை காலை. உங்கள் மேனேஜர் சம்மதித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வேறு ஊரில் வகுப்பு, வர முடியாது. இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பிரிவை வைப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்களாம். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

பியூஸ் கட்டை விஷயத்தில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. அது பையில் இருந்ததற்கு வேறு காரணம் இருக்குமோ என்று. மிஷின் விஷயம் எனக்கு என்ன தெரியும், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உடம்பை விடு, விஷயத்துக்கு வா. ஆறு பேர் என்ன, அறுபது பேர் வரட்டும்.

ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஏழு பேருக்கும் துவைத்த உடுப்பு. வெளுக்கிற ஆலையில் இருந்துகொண்டு இருபத்தொன்பது வருஷமாக அழுக்குச் சட்டை போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பேச்சை அத்தையிடம் ஒத்திகை பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டாள். அவ்வளவு மனசுக்கு இதமாக இருந்திருக்கிறது.

கட்டையைப் பற்றிக் கவலையே வேண்டாம். எல்லாம் என் கண் பார்வையில்.

ஆமைதான் வழக்கம் போல. விரிப்புக்கு இஸ்திரி போடுகிற நாலாம் நம்பர் தேய்ப்பு உருளையில் பேரிங் சத்தம் போடுகிறதாம், அந்த வியாழக்கிழமையே பிரிக்க வேண்டுமாம். ஒரு நாள் தள்ளிப் போடு என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். "தள்ளிப்போட்டா உருளை தள்ளிப்போடாது மேஸ்திரி" என்கிறான். ஆறு பேர் வந்து நிற்கும்போது இவன் கார்டு நடுவில் படுத்துக் கிடக்கும். கிடக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். என் மருமகள் தலை ஒரு விரல்கூடக் குனியாது.

தயாராக நிற்கும்,
உன் மாமா


மார்ச் 31

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். அம்மா சந்தோஷத்தில் இருமலை மறந்திருக்கிறாள்.

என்ன செய்தீர்கள் நீங்கள்? ஆறு பேரும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொதிகலனை ஒரு கொண்டை ஊசியால் சரிசெய்த கதையைச் சொன்னீர்களாமே, வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். போகும்போது பின்வாசல் வழியாகத் தோட்டத்தைக் காட்டி அனுப்பினீர்களாம். நடுக் கட்டத்தில் ஒரு கார்டுகூடத் தேங்காத போர்டை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். எங்கள் பிரிவு இருக்கிறது மாமா. அடுத்த வருஷம் நான்தான் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்.

அவர்கள் உள்ளே வந்ததும் எடுத்த போட்டோ ஒன்றை அச்சுப்போட்டு வைத்திருக்கிறேன். போர்டு, அதற்கு மேலே கடிகாரம், பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீங்கள். எங்கள் பிரிவு அச்சடிக்கிற பயிற்சிப் புத்தகத்தில் போடப் போகிறார்கள்.

மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லையே. ஆமை அண்ணனுக்கும் நன்றி சொல்லுங்கள். ஒருநாளாவது வேகமாக முடித்தாரே.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 24

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

பதில் தாமதம். வேலை அதிகம். மேனேஜர் என்னைக் கேட்காமல் மூச்சுக்கூட விடுவதில்லை. வெயில் நன்றாக அடிக்கிறது. வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை கண்ணாடி மாற்றினாள்.

உனக்குப் பதவி கிடைத்தது பெரிய சந்தோஷம். நான் அன்றைக்கே சொன்னேன்.

ஆமைக்குக் கையில் சின்னக் காயம். வேலை என்றால் காயம் இல்லாமல் இருக்குமா, என் முழங்காலைப் பார்த்தால் நீ மயங்கி விழுவாய். அவனும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம். சரியாகிவிடும். ஷெட்டில் எல்லாம் நன்றாகப் போகிறது. காலையில் நிற்கிறோம்.

அந்தப் போட்டோவைப் புத்தகத்தில் போட்டுவிட்டார்களா? போடாவிட்டாலும் ஒன்றும் இல்லை. எனக்கு அதில் ஆசை இல்லை.

மாமா


மே 6

அன்புள்ள மகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு எழுதி வராது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மாமா நன்றாக இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு வைத்தால் ஆறுகிற வரை பார்க்கிறார். ஒரு மாசமாக இந்த வீட்டில் ஒரு கதை கிடையாது. முப்பது வருஷமாக வாயை மூடுங்கள் என்று சொன்னவள் நான். இப்போது பேசுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

அந்த ஃபிட்டருக்கு வலது கை போய்விட்டது. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் இல்லை. உங்கள் ஆட்கள் வந்த அன்றைக்குத்தான். பத்து இருபதுக்குத்தான் மிஷினை நிறுத்தி வேலையை ஆரம்பித்தாராம். உருளைக்குள் கை இருக்கும்போது மிஷின் ஓடிவிட்டது. வேலை முடிவதற்கு முன்னால் கார்டை முடிந்த கட்டத்துக்கு அவரே மாற்றிவிட்டார், வந்தவர்கள் முன்னால் நல்ல பேர் வாங்க அவசரப்பட்டார் என்று ஆலையில் எழுதியிருக்கிறார்களாம். ஜூன் பத்தாம் தேதி விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் அவரை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், வேறு ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள் என்று அவர் மனைவி வந்து அழுதாள்.

அவள் அழுதபோது உன் மாமா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். ஏன் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்வார்.

அத்தை


மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்க முடியவில்லை.

அத்தையின் கடிதம் வந்த அன்றே அந்தப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மாதமாக என் மேசையில் இருக்கிறது. நான் உங்கள் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தில் பத்து நாற்பது. நாலாம் நம்பர் உருளையின் கார்டு மூன்றாம் கட்டத்தில். கீழே கட்டை.

எந்த நட்டையும் மூன்று தடவை முடுக்குகிறவர் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். உருளையைத் தள்ளிப்போடச் சொன்னதற்கு மாட்டேன் என்றவர். அவர் ஆறு பேருக்காக அவசரப்பட்டாரா?

கார்டை யார் நகர்த்தியது மாமா?

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. என் வேலை உங்கள் போர்டில்தான் தொங்குகிறது என்று எழுதி அனுப்பியவள். கட்டையைப் பற்றி வந்த சந்தேகத்தை ஒரே வரியில் முடித்துக்கொண்டவள். பல கூட்டங்களில் அந்த ஆணியைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியவள்.

போட்டோவின் ஒரு பிரதியை விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். கார்டை மேஸ்திரி நகர்த்தியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பேரையும் எழுதினேன். எங்கள் தலைவரிடமும் சொன்னேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

நீங்கள் அங்கே உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. அது பொய்யாகிவிடும்.

உங்கள் மருமகள்


ஜூன் 14

அன்பு மருமகளுக்கு,

உடம்பு இருக்கிறது. உன் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

நான்தான் நகர்த்தினேன்.

பத்து இருபதுக்கு ஆமை உருளையை நிறுத்தினான், கட்டையைப் பிடுங்கினான், நடுக் கட்டத்தில் கார்டுக்குக் கீழே தொங்கவிட்டான், போனான். பத்து நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் படியேறுகிற சத்தம் கேட்டது. போர்டைப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது, அந்த ஒரு கார்டைத் தவிர. எடுத்து மூன்றாம் கட்டத்தில் குத்தினேன். கட்டையையும் மாட்டினேன், இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. அவர்கள் போனதும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். போட்டோ எடுத்தார்கள். வெளுக்கிற கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கொண்டை ஊசிக் கதையை ஆரம்பித்தேன். கரண்டு வந்து பார்த்திருக்கிறான், மூன்றாம் கட்டத்தில் கட்டை. எடுத்துப் போய் மாட்டினான். அவன் நிற்கிற இடத்திலிருந்து உருளையின் மறுபக்கம் தெரியாது.

சத்தம் கேட்டது. நான் கதையை முடிக்கப் போகிற இடத்தில் இருந்தேன். ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. முடித்துவிட்டு, பின்வாசல் வழியாக அவர்களை அனுப்பிவிட்டுத்தான் போனேன்.

இதையெல்லாம் பத்தாம் தேதி விசாரணையில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. மேனேஜர், அதிகாரி, யூனியன் ஆள் ஒருவர். சொல்லி முடித்ததும் மேனேஜர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இவர் எப்பவும் இப்படித்தான் சார். கொதிகலனையும் இவர்தான் ஊசியால சரிபண்ணாரு, மழையையும் இவர்தான் கொண்டுவந்தாரு. இப்ப ஆளைக் காப்பாத்தப் பழியையும் இவரே எடுத்துக்குறாரு" என்றார். யூனியன் ஆள்கூடத் தலையாட்டினான். சத்தியம் பண்ணினேன். முன்னாடியும் பண்ணியிருக்கீங்களே என்றார்கள். பண்ணியிருக்கிறேன்.

உன் போட்டோ அவர்கள் மேசையில் இருந்தது. அதிகாரி அதை என் பக்கம் திருப்பினார். உன் கடிதத்தையும் படித்திருந்தார், நீ அங்கே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்றார். அப்புறம் போர்டின் மேலே விரல் வைத்தார். அரை முழ எழுத்து. அவரவர் கார்டை அவரவரே நகர்த்த வேண்டும். "விதி இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. அப்போ கார்டை யார் நகர்த்தியிருப்பாங்க?" என்றார்.

கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவனுக்கு வேலை போய்விட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. போர்டு நன்றாக இருக்கிறதாம், எங்கள் முதலாளியின் மற்ற இரண்டு ஆலையிலும் மாட்டப் போகிறார்கள். ஆணி அடித்துக் காட்ட என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

மாமா


ஜூலை 2

மாமா,

அம்மாவுக்கு மறுபடி இருமல். வேறொன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியிடம் நேரில் போனேன். கோப்பு முடிந்துவிட்டது என்றார். கடிதத்தைப் படித்துப் பார்த்தார். "உங்க மாமா நல்லா எழுதுறாரு" என்றார். எங்கள் தலைவரிடம் போனேன். ஆணியைப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாதாம். அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்களாம்.

அந்த ஆணிகளை நீங்கள் அடிக்காதீர்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள். அதையாவது நம்புவார்கள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் கொண்ட புதுக் குழு. முதல் நாள் நான் வழக்கமாகச் சொல்கிற வரி ஒன்று உண்டு. "இந்த அறையில் உண்மையைச் சொன்னால் யாருக்கும் கெடுதல் வராது." அதைச் சொல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போனீர்களா?

உங்கள் மருமகள்


ஜூலை 20

அன்பு மருமகளுக்கு,

நானும் அத்தையும் இருக்கிறோம். தங்கச்சிக்கு வெந்நீர் கொடு.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தன்னடக்கம் என்றார்கள். ஆணி அடிக்கக் கரண்டு போயிருக்கிறான்.

நேற்று ஆமை வீட்டுக்குப் போனேன். நான் வைத்த பேரை எழுதக் கூசுகிறது, ஆனால் உனக்கு வேறு பேர் சொன்னதில்லை. இரண்டாம் மாடி, இரண்டு அறை. இடது கையால் கதவைத் திறந்தான். கொஞ்ச நேரம் ஆனது, தாழ்ப்பாள் வலது கைப் பக்கம். அவன் மனைவி ஒரு கல்யாண மண்டபத்தில் தரை துடைக்கப் போகிறாள், அப்போதுதான் வந்திருந்தாள்.

இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். படியேறுகிற சத்தத்திலிருந்து பின்வாசல் வரைக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் போறப்ப கார்டு நடுவுலதான் இருந்துச்சு இல்லையா மேஸ்திரி? மூணு தடவை திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, சரியாத்தான் பார்த்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"நடுவுலதான் இருந்துச்சு" என்றேன்.

அவன் தலையாட்டினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் மனைவி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் டீ இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முன்னால் வைத்தாள். "விசாரணையிலயும் இப்படித்தான் சொன்னீங்களாமே அண்ணா. செய்யாததைச் செஞ்சேன்னு எங்களுக்காக யாரு சொல்லுவா? உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறதே பெருசு" என்றாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். அவளிடம் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கிளாஸை இடது கையால் என் பக்கம் நகர்த்தினான்.

"குடிங்க மேஸ்திரி. ஆறிடும்."

குடித்தேன்.

மாமா